பெடல் சொல்லும் பழுது: மலையகத்தில் பழைய காரின் ஹைட்ரோலிக் பிரேக்

ரம்பொடை வளைவுகளில் நிதானமாக இறங்கிவரும் ஒரு மொரிஸ் மைனரைப் பார்த்தால் யாருக்கும் மனம் குளிரும். அதன் சாரதியின் காலடியில் இருப்பதோ பெடலின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் ஒரேயொரு மாஸ்டர் சிலிண்டர், ஒரேயொரு ஒயில் பாதை. 1960களின் நடுப்பகுதிவரை வந்த பெரும்பாலான கார்களில் நான்கு சில்லுகளுக்கும் பிரேக் ஒயில் ஒரே சுற்றில்தான் போகிறது. எங்காவது ஓரிடத்தில் ரப்பர் கிழிந்தாலோ குழாய் உளுத்தாலோ நான்கு சில்லுகளின் பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். பிறகு கை பிரேக்கும் கியரும்தான் மிச்சம். கொழும்பின் சமதரையில் ஒரு குறை பல வருடம் வெளியே தெரியாமல் கிடக்கலாம். நுவரெலியாவுக்கும் கம்பளைக்கும் இடையில் அது ஒரே இறக்கத்தில் தெரிந்துவிடும்.

பிரேக் சரியில்லை என்றதும் கைக்கு எட்டிய பாகத்தை மாற்றிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். முதலில் மாஸ்டர் சிலிண்டர் கிட் (உள்ளே போடும் ரப்பர் பாகங்களின் தொகுதி), அது சரிவராவிட்டால் சில்லுக்குள் இருக்கும் வீல் சிலிண்டர், அதுவும் சரிவராவிட்டால் கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தைக்கு ஒரு பயணம். காசு போகிறது, பழுது போவதில்லை. ஹைட்ரோலிக் பிரேக்கில் இப்படி இருட்டில் தேட வேண்டிய அவசியமே கிடையாது. பெடல் காலுக்கு எப்படித் தெரிகிறது, எப்போது அப்படித் தெரிகிறது என்பதைக் கவனித்தால் பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பெரும்பாலும் கழற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும். இங்கே மைனரை மாதிரியாக வைத்து எழுதுகிறேன். அதே காலத்துப் பிரித்தானிய டிரம் பிரேக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கும் இது பொருந்தும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. நம் வீட்டு முற்றங்களில் பாதி சரிவானவை. கை பிரேக் பின் சில்லுகளை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிய கணத்தில் அந்தப் பிடி இல்லாமல் போகிறது. முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள், காரைத் தாங்கியின் மேல் இறக்குங்கள். சரிவிலேயே வேலை செய்யத்தான் வேண்டும் என்றால், சமதரை கிடைக்கும் நாள்வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

பெடல் தாழ்ந்து போகிறது. இரண்டாம் முறை மிதித்தால் மேலே வருகிறது

இது பெரும்பாலும் பழுதே அல்ல, சரிப்படுத்தல்தான். சில்லோடு சுற்றும் வார்ப்பிரும்புக் கிண்ணம்தான் டிரம், அதன் உட்சுவரை அழுத்திப் பிடிப்பது ஷூ, ஷூவின் மேல் பதித்த உராய்வுப் பட்டை லைனிங். லைனிங் தேய்ந்ததால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. முதல் மிதியின் ஒயில் அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே செலவாகிவிடுகிறது. இரண்டாவது மிதிதான் பிரேக் பிடிக்கிறது.

மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சரிப்படுத்தும் திருகுகள் உண்டு, பின் சில்லில் ஒன்று. சில்லைக் கழற்றி, டிரம்மில் உள்ள துளையைத் திருகின் தலைக்கு நேராகக் கொண்டுவந்து, ஷூ டிரம்மைக் கவ்வி நிற்கும்வரை திருகி, பிறகு ஒரு படி மட்டும் பின்னே எடுக்க வேண்டும். டிரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். எங்கோ லேசாக உரசும் ஒலி கேட்டால் பாதகமில்லை. முன் சில்லில் ஒரு திருகை மட்டும் சரிசெய்துவிட்டு எழுந்துவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனி வீல் சிலிண்டர், தனித்தனித் திருகு. ஒன்றை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. பின் சில்லைச் சரிசெய்யும்போது கை பிரேக் முழுமையாக விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். கை பிரேக் கேபிளை இறுக்கி ஷூ தேய்மானத்தை மறைப்பது தவறு. முதலில் ஷூ, கடைசியில்தான் கேபிள்.

சரிப்படுத்திய பிறகும் பெடல் தாழ்ந்தே இருந்தால் லைனிங்கைப் பாருங்கள். ரிவெட் தலைகள் லைனிங்கின் மேற்பரப்பை நெருங்கிவிட்டன என்றால் அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். அவை டிரம்மில் கோடு கிழித்துவிடும், பிறகு லேத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும்.

பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது

காற்று. ஒயில் அமுங்காது, காற்று அமுங்கும். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கி ரப்பர் மூடியை எடுத்தால்தான் அதன் நிரப்பு மூடி கண்ணில் படும். கண்ணில் படாத பொருளை யாரும் பார்ப்பதில்லை. ஒயில் குறைந்து, வளைவில் கார் சாயும்போது காற்று உள்ளே போய்விடுகிறது. மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள தூசியைத் துடையுங்கள். தோட்டப் பாதையின் செம்மண் ஒரு துகள் உள்ளே விழுந்தாலும் அது பிஸ்டனோடு சேர்ந்து ஒயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப்பின் விளிம்பைக் கீறும்.

காற்று எடுப்பதற்கு இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சில்லிலிருந்து தொடங்குங்கள். நம் வலப்பக்க ஸ்டியரிங் காரில் அது இடது பின் சில்லு. பிறகு வலது பின், இடது முன், கடைசியாக வலது முன். சில்லின் பின்புறத் தகட்டில் காற்றை வெளியேற்றுவதற்கென்று உள்ள நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் புதிய ஒயில் ஊற்றிய ஜாம் போத்தலில் அமிழ்த்துங்கள். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதிக்க, நீங்கள் நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து, பெடல் கீழே இருக்கும்போதே மூட வேண்டும். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். “மிதி”, “விடு” என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு பேச்சு வேண்டாம்.

பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரைவரை அமுக்க விடாதீர்கள். அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் போகாத கடைசிப் பகுதியில் துருவும் படிவும் இருக்கும். அங்கே முதல் தடவை போகும் கப் கிழிந்து திரும்பும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நாலைந்து மிதிக்கு ஒருமுறை ஒயில் மட்டத்தைப் பாருங்கள். போத்தலில் வடிந்த ஒயிலை மீண்டும் ஊற்றாதீர்கள்.

காற்றெல்லாம் போன பிறகும் பஞ்சுத்தன்மை இருந்தால், சில்லுகளுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொருவரை மிதிக்கச் சொல்லுங்கள். விரலுக்குள் ஹோஸ் பருத்தால் அதன் காலம் முடிந்தது. ஒன்று போயிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே வயதுதான். புதிய லைனிங் போட்டிருந்தால், ஷூவின் வளைவு டிரம்மின் வளைவோடு இன்னும் படியாததாலும் சில நாட்கள் பெடல் மென்மையாக இருக்கும்.

காலை எடுக்காமல் வைத்திருந்தால் பெடல் மெதுவாகத் தரைக்குப் போகிறது

இந்த அறிகுறி தெரிந்த காரை வீட்டு வாசலுக்கு அப்பால் எடுக்க வேண்டாம். இதற்குக் காரணம் இரண்டுதான், அவற்றைப் பிரிப்பது சுலபம். ஒயில் மட்டத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பல முறை அழுத்திப் பிடியுங்கள். மட்டம் குறைந்தால் ஒயில் வெளியே போகிறது. குறையாவிட்டால் அது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே தேய்ந்த கப்பைத் தாண்டிப் பின்பக்கம் போகிறது.

வெளியே போகும் ஒயிலைத் தேடும்போது தரையில் சொட்டு இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். ஒவ்வொரு டிரம்மையும் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் மெல்லப் பின்னே தள்ளிப் பாருங்கள். உள்ளே உலர்ந்த தூசி இருந்தால் நல்லது. தேநீர் நிறத்தில் ஒரு துளி வழிந்து விரலில் ஒட்டினால், அந்த கப் ஒயிலை விடத் தொடங்கிவிட்டது. டிரம்முக்குள் போன ஒயிலை லைனிங் உறிஞ்சிக்கொள்வதால்தான் வெளியே எதுவும் தெரிவதில்லை. குழாய்களில் சேறு படிந்து காயாத இடங்களையும், பின் அச்சின் மேல் ஓடும் குழாயையும் விரலால் தடவிப் பாருங்கள்.

கிட் போடும்போது சிலிண்டரின் உட்சுவரை டோர்ச் வெளிச்சத்தில் பார்ப்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். லேசான கறை என்றால் ஹோன் செய்து (உரைகல்லால் மெல்லத் தேய்த்து) துடைத்துவிடலாம். நகம் தட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் புதிய கப் சில மாதங்களில் மீண்டும் கசியும். அந்த சிலிண்டரை மாற்ற வேண்டும், அல்லது நம்பிக்கையான லேத்தில் துருப்பிடிக்காத உருக்கு அல்லது பித்தளை உறை போட வேண்டும். ரப்பர் பாகங்களை பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவவே கூடாது. ஸ்பிரிட் அல்லது புதிய பிரேக் ஒயில் போதும். பூட்டும்போது பூசுவதற்கு சிவப்பு ரப்பர் கிரீஸைத் தவிர வேறு கிரீஸ் வேண்டாம்.

இறக்கத்தில் மட்டும் பிரேக் கைவிடுகிறது

மலையகத்துக்கு உரிய பழுது இதுதான். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ 1,400 மீற்றர் இறங்கியிருப்பீர்கள். நால்வர் ஏறிய மைனர் ஒரு டன் எடை என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் அது இழக்கும் ஆற்றல் 40 லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. என்ஜினும் காற்றும் ஏற்காத பங்கு முழுவதும் நான்கு சிறிய டிரம்களில் சூடாக இறங்குகிறது. 948 சிசி மைனரில் அந்த டிரம்களின் விட்டம் வெறும் 7 அங்குலம். பிந்திய 1098 சிசி மாதிரியில் முன் டிரம்கள் மட்டும் 8 அங்குலமாயின.

சூட்டினால் வரும் தோல்வி இரண்டு வகை. இரண்டையும் கால் பிரித்தறியும்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் கார் மட்டும் நிற்க மறுக்கிறது, கருகிய வாடை வருகிறது என்றால், லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. டிரம்மும் விரிந்து ஷூவிலிருந்து விலகியிருக்கும். ஆறினால் பெருமளவு திரும்பிவிடும். ஆனால் லைனிங்கின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்திருந்தால் அதை மாற்றுவதே நல்லது.

பெடல் திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் தரைக்குப் போகிறது, சற்று முன்வரை நன்றாக இருந்தது என்றால், ஒயில் கொதித்துவிட்டது. வீல் சிலிண்டருக்குள் ஆவிக் குமிழிகள் உருவாகி, நீங்கள் மிதிப்பது அவற்றை அமுக்குவதில் வீணாகிறது. இது மிக ஆபத்தானது. கார் ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். கராஜுக்குக் கொண்டுபோனால் “ஒன்றும் இல்லையே” என்பார்கள். ஒன்றும் இல்லாமல் இல்லை.

காரணம் தண்ணீர். சாதாரண கிளைகோல் வகை ஒயில் காற்றின் ஈரத்தை ஹோஸ் வழியாகவும் மூடியின் சிறு துளை வழியாகவும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 3 என்ற பிரேக் ஒயில் தரத்தில் புதிய ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்தத் தரம் எதிர்பார்ப்பது 140 பாகை மட்டுமே. டொட் 4 ஒயிலுக்கு அதே கணக்கு 230, 155. தென்மேற்குப் பருவத்தில் கினிகத்தேனையிலும் வட்டவளையிலும் மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் கலையாமல் நிற்கும் நாடு இது. இங்கே நிற்கும் காரின் ஒயில் சும்மா நின்றாலும் கெடுகிறது. ஓடிய மைல்களைப் பார்க்காதீர்கள், வருடத்தைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு ஒயிலையும் மாற்றிவிட வேண்டும். மட்டம் சரியாக இருக்கிறது என்பது ஒயில் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. டொட் 4 வாங்குங்கள், சீல் உடையாத சிறிய போத்தலாக வாங்குங்கள். திறந்து வைத்த பாதிப் போத்தல் அடுத்த வருடத்துக்கு ஆகாது. சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இந்த ஒயில் பெயிண்டைத் தின்றுவிடும்.

வீதியில் இது நடந்தால்: பெடலை வேகமாகப் பல முறை மிதியுங்கள், சில சமயம் கொஞ்சம் பிடி திரும்பும். கியரைக் குறையுங்கள். கை பிரேக்கைச் சடாரென இழுத்துப் பூட்டாமல், பட்டனை அழுத்திப் பிடித்தபடி படிப்படியாக இழுங்கள். மலைப்பக்கத்து ஓரத்துக்குப் போய் நில்லுங்கள், பள்ளப் பக்கம் வேண்டாம். பிறகு டிரம் தானாக ஆறட்டும். அருவித் தண்ணீரைப் பிடித்து ஊற்றுபவர்கள் உண்டு. சூடான வார்ப்பிரும்பு டிரம் அதில் வெடிக்கலாம் அல்லது கோணலாம். பெடல் திரும்பிவிட்டது என்று அதே இறக்கத்தைத் தொடரவும் வேண்டாம்.

ஓட்டும் முறையும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மைனரின் முதல் கியரில் சின்க்ரோமெஷ் (பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு) இல்லை, இறக்கத்தின் நடுவில் அதைப் போட முயன்றால் பல் நறநறக்கும். ஆகவே இறக்கம் தொடங்குமுன்னே இரண்டாவதுக்கு வந்துவிட வேண்டும். பிரேக்கை மென்மையாக அழுத்தியபடியே இறங்காமல், அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மீண்டும் பிடியுங்கள். இடைவேளையில்தான் டிரம் ஆறுகிறது. ஏப்ரலில் நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட கார் மலையேற்றப் போட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பலர் என்ஜினைப் பற்றியே பேசுவார்கள். வீடு திரும்பும் வழியில் வேலை செய்யப்போவது பிரேக் என்பதை அவர்களுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை.

கார் ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் டயர்க் காற்று. பிறகு லைனிங்கில் ஒயிலோ கிரீஸோ பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின் சில்லில் என்றால் அச்சின் ஒயில் சீல் கசிவும் இதைச் செய்யும். அந்த ஒயில் தடிப்பாக, கந்தக வாடையோடு இருக்கும். ஒயில் குடித்த லைனிங்கைப் பெற்றோலில் கழுவி எரித்துத் திரும்பப் போடும் வேலை வேண்டாம். சூடேறும்போது உள்ளே இருந்த ஒயில் மேலே வரும். ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்துப் புதிய லைனிங் போடுங்கள்.

லைனிங் உலர்ந்திருந்தால் ஒரு வீல் சிலிண்டரின் பிஸ்டன் இறுகியிருக்கும். இழுக்கும் பக்கம் நன்றாக இருக்கிறது, இழுக்காத பக்கத்தில்தான் பழுது. மைனரின் பின் வீல் சிலிண்டர் தகட்டின் நீள்துளையில் வழுக்கி நகர வேண்டும். அங்கே துருப்பிடித்து நின்றுவிட்டால் ஒரு ஷூ மட்டுமே சரியாக வேலை செய்யும்.

பிரேக் பிடித்தபின் விடுவதில்லை

சில்லைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். சுற்றாத சில்லின் நிப்பிளைத் திறங்கள். ஒயில் பீறிட்டுச் சில்லு விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. விடுபடாவிட்டால் பழுது ஷூ, ஸ்பிரிங், கை பிரேக் கேபிள் பக்கம்.

அழுத்தம் சிக்கியது ஒரு முன் சில்லில் மட்டும் என்றால் ஹோஸின் உட்புறம் வீங்கி அடைத்திருக்கிறது. வெளியே புதிதுபோல் இருக்கும், ஏமாற வேண்டாம். நான்கு சில்லுகளிலும் என்றால் மாஸ்டர் சிலிண்டர். கப்புக்குச் சற்று முன்னால் ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. பெடல் மேலே வந்ததும் சூட்டில் விரிந்த ஒயில் அதன் வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்புகிறது. அது அடைத்தாலோ, பெடலின் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சிறு தளர்வு இல்லாமல் கப் அந்தத் துளையை மூடியபடி நின்றாலோ, ஒவ்வொரு மிதிக்கும் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் கார் நகராது. நிரப்பு மூடியைத் திறந்து டோர்ச் அடித்தபடி, பெடலை இலேசாக அமுக்கி விடச் சொல்லுங்கள். தொட்டிக்குள் ஒயில் மெல்லக் குமிழ்த்துச் சுழித்தால் துளை திறந்திருக்கிறது. பெடலின் தொடக்கத்தில் விரலுக்குத் தெரியும் அளவு வெற்று அசைவு இருந்தே ஆக வேண்டும். அதைப் பழுதென்று நினைத்து இல்லாமல் ஆக்கியவர்களின் கார்கள்தான் இப்படி வருகின்றன.

எல்லா கப்களும் ஊதிப் பருத்திருந்தால் யாரோ என்ஜின் ஒயிலையோ வேறு கனிய எண்ணெயையோ ஊற்றியிருக்கிறார்கள். கழுவிச் சமாளிக்க முடியாது. ரப்பர் என்று பெயருள்ள எல்லாவற்றையும், ஹோஸ் உட்பட, மாற்ற வேண்டும்.

பல வருடம் நின்ற காரை எழுப்புவது

கொட்டகையில் கிடந்த காரில் அறிகுறி தேட வேண்டாம், எல்லாவற்றையும் திறக்க வேண்டும். டிரம் வர மறுத்தால் சரிப்படுத்தும் திருகை முழுதாகத் தளர்த்தி, டிரம்மின் ஓரத்தைச் சுற்றிவர மரச் சுத்தியலால் தட்டுங்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது. உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், முகக்கவசம் அணியுங்கள்.

ஹோஸ்களும் கப்களும் எப்படி இருந்தாலும் புதிதாக வேண்டும். உருக்குக் குழாய்களில் துரு உரிந்தால் செம்பு–நிக்கல் கலப்புக் குழாய் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு வரும் வெறும் செம்புக் குழாய் மலிவு. ஆனால் அது அதிர்வில் இறுகி வெடிக்கும், பிரேக்குக்கு அது கூடாது. இணைப்பு நட்டுகளிலும் ஒரு பொறி இருக்கிறது. பிரித்தானியக் கார்களில் பெரும்பாலும் 3/8 அங்குல யூஎன்எஃப் என்ற நுண் மரை, ஜப்பானியக் கார்களில் 10 மில்லிமீற்றர். பார்வைக்கு இரட்டையர். சிறியது பெரியதற்குள் தளர்வாகப் போய், இறுக்கியதுபோலவும் தோன்றி, அழுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு வரும். விரலால் கடைசிவரை திருகக்கூடிய நட்டே சரியான நட்டு. மைனருக்கு இந்தப் பாகங்கள் கிடைப்பது பெரிய சிரமமல்ல. அந்தக் காருக்கான தகடுகளை இங்கே செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய நாடு நம்முடையது.

பூட்டி, காற்று எடுத்த பிறகு, பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தபடி இன்னொருவரை எல்லா இணைப்புகளையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஓட்டம் கிறகறி வாவியோரம்போல் ஒரு சமதரையில், நடக்கும் வேகத்தில், கை பிரேக்கில் ஒரு கையோடு. அடுத்தது ஒரு குறுகிய இறக்கம். திரும்பி வந்து நிறுத்தியதும் நான்கு டிரம்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒரே அச்சில் ஒன்று கொதிக்க, மற்றது குளிர்ந்திருந்தால் ஒரு பக்கம் இழுப்பது, பிடித்தபின் விடாதது என்று மேலே சொன்ன இரண்டு அறிகுறிகளில் ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. மறுநாள் காலையில் ஒயில் மட்டத்தை மீண்டும் பாருங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடி லைனிங் படிந்ததும் சரிப்படுத்தும் திருகுகளை இன்னொரு முறை இறுக்க வேண்டியிருக்கும். அது முடியும்வரை ரம்பொடைப் பக்கம் இறங்க வேண்டாம்.